சிரியாவின் முகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிரியா என்றால் குண்டு விழுந்த செய்திதான் நம் கண்ணில் படுகிறது. அங்கே ஓவியர்களும் இருக்கிறார்கள். 1934இல் டமாஸ்கஸில் பிறந்து 1957இல் பேர்லினுக்குப் போன மர்வான், திரும்பத் திரும்ப மனித முகத்தையே வரைந்தார். கிட்டப் போனால் வெறும் வண்ணக் கீற்றுகள், கொஞ்சம் தள்ளி நின்றால் தூக்கமில்லாத ஒரு ஆள் நம்மையே பார்க்கிறார். இன்னொரு சிரிய ஓவியரான சஃப்வான் தஹூல் வரைந்த, பெரிய கண்களோடு சுருண்டு கிடக்கும் பெண்ணும் அப்படித்தான்.

2006இல் இங்கே சண்டை மூண்டபோது மூதூரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்து வந்தவர்களின் முகங்களை இந்தப் படங்களில்தான் திரும்பக் கண்டேன்.

இங்கே சித்திரப் பாடத்தில் பிள்ளைகள் கோணேசர் கோயிலும் கடலும் வரைகிறார்கள், சரி, அழகுதான். அம்மம்மாவின் முகத்தை, அவர் பட்டதெல்லாம் தெரிகிற மாதிரி வரை என்று யாராவது சொல்ல வேண்டாமா? உங்கள் வாரமலரில் இந்த ஓவியங்களை வண்ணத்தில் போடுங்கள்.

வாசகர்,
திருகோணமலை