யார் பக்கத்தில் நிற்கிறாள்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திருநெல்வேலி மெடிக்கல் காலேஜிலேயே சீட் கிடைத்துவிட்டது என்று படித்ததும் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். 2020-இல் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு வந்திருக்காவிட்டால், அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைக்கு இது எட்டாக்கனிதான். பீஸையும் அரசே கட்டிவிடும் என்பதில் உன் மகனுக்கு எவ்வளவு பாரம் குறைந்திருக்கும்! இங்கே எல்லாரும் சுகம். தசராச் சப்பரம் பார்க்க நின்றதில் முழங்கால் கொஞ்சம் வீங்கியது. இப்போது பரவாயில்லை.

பிள்ளை தாங்குவாளா, இவளை எப்படி டாக்டர் ஆக்குவார்கள் என்று கேட்டிருந்தாய். படிப்பைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. நாலரை வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் சிஆர்ஆர்ஐ, அதுதான் ஆஸ்பத்திரியிலேயே இருந்து எடுக்கிற ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. முதல் வருஷத்து அனாடமியும் பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் மலைப்பாகத்தான் இருக்கும். நாம் நர்ஸாக இருந்த காலத்தில் நம் கண் முன்னால் எத்தனை தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் அழுதுவிட்டு அப்புறம் நிமிர்ந்திருக்கிறார்கள்!

2019-இல் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். அதுவரை ஓடியது 1997-இல் போட்ட விதிமுறை. நம் காலத்தில் முதல் வருஷப் பிள்ளைகள் வார்டுப் பக்கமே வரமாட்டார்கள், நினைவிருக்கிறதா? இப்போது முதல் வருஷத்திலேயே நோயாளியைக் காட்டுகிறார்கள். சேர்ந்தவுடன் ஃபவுண்டேஷன் கோர்ஸ் உண்டு. அதில் இங்கிலீஷுக்கும் கம்ப்யூட்டருக்கும் கைகொடுக்கிறார்கள், அந்தந்த ஊர் மொழியும் சொல்லித் தருகிறார்கள். கிராமத்தில் சில குடும்பங்களை ஒவ்வொரு மாணவருக்கும் ஒப்படைத்து, படிப்புக் காலத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வைக்கிற திட்டமும் வந்திருக்கிறது. ஏட்காம் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, அனாடமி மேஜையில் கிடக்கிற உடலை முதல் ஆசிரியராக எப்படி மதிப்பது, இதெல்லாம் அதில் வருகிறது. எனக்கு இது மெத்தச் சந்தோஷம். இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று விட்டிருந்த காலம் ஒன்று இருந்ததே.

ஆனாலும் கோமதி, டாக்டர் உருவாகிற இடம் வார்டுதான். யார் பக்கத்தில் நின்று பார்க்கிறாளோ அவர்கள் மாதிரிதான் பிள்ளை வருவாள். இத்தனை வருஷம் நைட் டியூட்டி பார்த்ததில் நான் கண்டது இது.

நீ ரிட்டையர் ஆன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலம், வார்டு முழுக்கக் காய்ச்சல். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஒரு வாரமாகக் காய்ச்சல், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கேஸ் ஷீட்டில் ஒரு மாணவி ‘பீடித் தொழிலாளி’ என்று எழுதி நிறுத்தியிருந்தாள். ரவுண்ட்ஸ் வந்த சீஃப் அந்தம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பீடி சுத்துறது போக வேற என்ன வேலை தாயி பாக்கீங்க?” என்று கேட்டார். “ரெண்டு ஆடு நிக்கி சார். ஓடைப் பக்கம் பத்திட்டுப் போவேன்” என்றாள் அந்தம்மா. உடனே சீஃப் எழுந்து, ஸ்கிரீனை இழுத்து மறைக்கச் சொன்னார். ஆண் பிள்ளைகளை எல்லாம் வெளியே போகச் சொல்லித் தானும் வெளியே வந்துவிட்டார். “அம்மாகிட்ட கேட்டுட்டு, மடிப்பு மடிப்பாப் பாரு. அக்குள், மார்புக்குக் கீழ, இடுப்பு, ஒண்ணும் விடாதே” என்று அந்த மாணவியிடம் சொன்னார். நான் உள்ளே கூட நின்றேன். மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், பீடி நெருப்பு பட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அந்தம்மாவுக்கே அது தெரியாது. புதரில் இருக்கிற சின்ன உண்ணிக் குஞ்சு கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ். அன்றைக்கே டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்த மாணவிக்கு அன்றைக்கு ஸ்க்ரப் டைபஸ் மட்டுமா தெரிந்தது? உட்கார்ந்து பேச வேண்டும், மறைப்பு போட வேண்டும், கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. சிஆர்ஆர்ஐயாக வந்தபோது ஸ்கிரீன் இல்லாமல் அவள் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்தேன். வேறொரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்தேனே, அங்கே அரளி விதை தின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த நிலைமையில் ஒரு சீனியர் அவளைப் பார்த்துக் கத்தினார், சொல்லக் கூசுகிற பேச்சு. பக்கத்தில் இரண்டு மாணவர்கள் வாயடைத்து நின்றார்கள். சில மாதம் கழித்து, அதில் ஒரு பையன் இன்னொரு பெண்ணிடம் அதே வார்த்தையை, அதே குரலில் சொன்னதை என் காதால் கேட்டேன். முதல் வருஷம் எவ்வளவு அமைதியான பிள்ளை அவன்! எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத்தை யாரும் நடத்தாமலே படித்துவிட்டான்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவில், ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்களைச் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றாம் வருஷத்தில்தான் பரிவு சட்டென்று இறங்குகிறதாம். அங்கே அதுதான் வார்டுக்கு வருகிற வருஷம். நோயாளியை நெருங்க நெருங்க மனசு இளகும் என்றுதானே நாம் நினைப்போம்? தூக்கம் கெட்டு, பயத்தில் நின்று, சீனியரிடம் ஏச்சு வாங்கினால் இளகாது, இறுகும். 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு கேட்டபோது, பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வாரத்தில் ஒருநாள் போன் போட்டு ‘எப்படி மார்க்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, தூங்கினாளா, சாப்பிட்டாளா, யாரும் ஏசினார்களா என்று கேள். மகனிடமும் சொல்.

இன்னொன்றும் என் மனசை அறுக்கிறது. சிஆர்ஆர்ஐ வருஷத்திலேயே மேல்படிப்புக்கான பிஜி நீட் பரீட்சைக்குப் படிப்பு. டியூட்டி ரூமில் போனும் கையுமாகக் கேள்வி பதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செய்த வேலையைக் குறிக்கிற லாக் புக்கில் கையெழுத்து விழுந்துவிடும், கைதான் பழகாது. மருந்து ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் குழாய் போடுவதும், வலியில் கத்துகிற ஆளிடம் நிதானமாக நிற்பதும் செய்து செய்துதான் வரும். பிள்ளைகளையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பிஜி கிடைக்காவிட்டால் படித்ததே வீண் என்று நாலு பேர் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் உன் பேத்தி அந்த ஒரு வருஷத்தை வார்டில் நின்று கழிக்க வேண்டும். அதை இப்போதே அவள் காதில் போட்டு வை.

இங்கிலீஷுக்காக அவள் கூனிக் குறுக வேண்டாம். வகுப்பில் மற்றவர்கள் சரளமாகப் பேசும்போது கொஞ்ச நாள் ஒடுங்கித்தான் இருப்பாள். ஓபியில் ஒரு பாட்டி வந்து “மேலுக்கு முடியலை, கிறக்கமா வருது” என்று ஆரம்பிக்கும்போது, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். களை எடுக்கப் போனார்களா, காலையில் என்ன குடித்தார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்று வீட்டு மனுஷி மாதிரி கேட்பாள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும். நல்ல ஆசிரியர் ஒருத்தர் அதைக் கவனித்து நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் பிள்ளையைப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யார் யார் என்று நேரில் சொல்கிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். கோட்டு முழுக்கை வைத்தது இரண்டு வேண்டும், காட்டனாகப் பார்த்து இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். தடிப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிவிடாதே, சீனியர்களிடம் கிடைக்கும். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரட்டும். ஏட்டி, நீயும் கூட வா, இரண்டு நாள் தங்குகிற மாதிரி. சங்கரன்கோவிலிலிருந்து வருகிற பஸ் புது பஸ் ஸ்டாண்டில் நின்றதும் எனக்கு போன் போடு, தம்பி மகன் ஆட்டோவோடு வந்துவிடுவான்.

அன்புடன்,
ராஜம்மாள்