எதோடு ஒப்பிட்டு நான்கு மடங்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் புற்றுநோய்ச் செல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டித் திசுவில் ஒரு மரபணுவின் வெளிப்பாடு ‘நான்கு மடங்கு’ கூடியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதை ஒப்பீடாக வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மரபணுப் பிரதிகளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் ரியல்-டைம் பி.சி.ஆர். கருவியோடு தினமும் வேலை பார்ப்பவள் நான். என் கண் முதலில் அதைத்தான் தேடியது.

ஒரு மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை அதிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.வை வைத்து அளக்கிறோம். ஒரு மாதிரியில் ஆர்.என்.ஏ. கூடுதலாகக் கிடைக்கும், இன்னொன்றில் குறைவாக வரும். அதைச் சரிக்கட்ட, எல்லா மாதிரியிலும் மாறாமல் இருக்கும் என்று நம்பும் ஒன்றையும் சேர்த்து அளக்கிறோம். அதுதான் எங்கள் எடைக்கல். பலரும் எடுப்பது, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியான 18எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வில் சுமார் 80 சதவீதம் ரைபோசோமுடையதுதான், மரபணுவின் செய்தியைப் புரதத் தயாரிப்புக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ. முழுவதும் சேர்ந்தே சில சதவீதம். அளவு கூடுதலாக இருந்தால் குறைந்த சுழற்சியிலேயே தெரியும். அதனால் 18எஸ் பத்தாவது சுழற்சி வாக்கிலேயே தெரிந்துவிடும். நாம் தேடும் மரபணுவோ பெரும்பாலும் 25ஐத் தாண்டித்தான் தலைகாட்டும். சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாகும் கணக்கில், நான்கு மடங்கு என்பது வெறும் 2 சுழற்சி வித்தியாசம். ஒப்பீடு அவ்வளவு நகர்ந்தாலே போதும், அந்த நான்கு மடங்கே இல்லாமல் போகலாம்.

புற்றுநோயில் அது நகரவும் செய்யும். 18எஸ்ஸை உருவாக்குவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 என்ற நொதி, தூது ஆர்.என்.ஏ.வை உருவாக்குவது பாலிமரேஸ் 2 என்ற வேறு நொதி. அதனால் இரண்டும் சேர்ந்தே கூட வேண்டும் என்பதில்லை. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ரைபோசோம் நிறைய வேண்டும், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் புரதம் அந்த உற்பத்தியை முடுக்கிவிடும். அப்புறம், தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் இருக்கும் பாலி-ஏ வால் 18எஸ்ஸுக்குக் கிடையாது. அந்த வாலைப் பிடித்து சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.விலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. பிரதி) தயாரிக்கும் முறைக்கு அது ஒத்தே வராது.

18எஸ்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. இதேபோல் ஒப்பீடாக எடுக்கும் ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவின் வெளிப்பாடும் ஆக்சிஜன் குறைந்தால் கூடுகிறது. எந்த ஒன்றையும் சோதிக்காமல் தனியாக நம்பக்கூடாது என்பதே விஷயம். இவ்வகை பி.சி.ஆர். ஆய்வுகளுக்காக 2009இல் வெளியான எம்.ஐ.கியூ.இ. நெறிமுறைகளும் அதையே வலியுறுத்துகின்றன.

வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இந்த எண்களை நம்பிக்கையோடு படிக்கிறார்கள். அந்த ஆய்வில் ஒப்பீடாக வைத்தது ஒரு மரபணுவா, பலவா, அவை அந்தத் திசுவில் மாறாதவை என்று சோதித்தார்களா என்பதை அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகி