நாக்கின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் ஊர்: மலையேற்றக் காலணி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையேற்றக் காலணிகளைத் தங்கள் பெயரில் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

இதை எழுதும்போது என் மேசைமீது இரண்டு ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல், அளவும் ஒன்றே. முதல் ஜோடி மூன்று ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பிறகு, கால் பழகிய காலணி என்ற நம்பிக்கையில் அதையே மறுபடியும் வாங்கினேன். புதியதைப் போட்டுக்கொண்டு இறங்கிய முதல் நீண்ட இறக்கத்திலேயே இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். விரல்கள் இருக்கும் முன்பகுதி புதியதில் நூலளவு குறுகியிருந்தது. பிறகு காலணியின் நாக்கை, அதாவது கயிறுகளுக்கு அடியில் இருக்கும் மடலைப் புரட்டி, அதன் உட்புறத்தில் எறும்பு வரிசைபோல அச்சிட்டிருந்த லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பழையதில் வியட்நாம் என்று இருந்தது. புதியதில் இந்தோனேசியா என்று இருந்தது.

தயாரிப்பு இடம் மாறியதால்தான் காலணியின் வடிவமும் மாறியது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த நிறுவனத்தார் மட்டுமே. அவர்களுக்கு எழுதிக் கேட்டபோது, தங்கள் காலணிகள் தலைமையகத்தில் வடிவமைக்கப்பட்டு உலகெங்கும் உள்ள நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளால் செய்யப்படுகின்றன என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு அது பதிலே அல்ல. இதே வாக்கியத்தைச் சொல் மாற்றிப் பல நிறுவனங்களின் பக்கங்களில் படித்திருப்பதால்தான், ஒருவரை மட்டும் குறை சொல்லாமல் தங்கள் அனைவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வெளிநாட்டில் செய்வதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகில் ஆண்டுதோறும் 2,000 கோடி ஜோடிக்கும் அதிகமான காலணிகள் தயாராகின்றன; பத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆசியாவில் செய்யப்படுகின்றன, பாதிக்கு மேல் சீனாவில் மட்டுமே செய்யப்படுகின்றன. 1981இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கைவினைஞர் ஒருவரின் பூட்ஸிலிருந்து தொடங்கிய மெரெல், இன்று மிச்சிகனைச் சேர்ந்த வுல்வரின் வேர்ல்டு வைடு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் காலணிகள் பெரும்பாலும் ஆசியாவின் ஒப்பந்த ஆலைகளில் உருவாகின்றன. 1947இல் பிரான்சின் அனெசியில் சிறு பட்டறையாகத் தொடங்கிய சாலமனின் கதையும் ஏறத்தாழ இதுவே. மலைக்காலணிகளுக்குப் பேர்போன இத்தாலியின் மொண்டெபெல்லூனா வட்டாரத்து நிறுவனங்கள்கூட 1990களில் தங்கள் வேலையில் பெரும்பகுதியை ருமேனியாவின் திமிஷோவாராப் பகுதிக்குக் கொண்டுபோயின. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் போட்ட காலணிகளிலேயே ஒரு தையல்கூட விடாமல் உழைத்தது வியட்நாமில் தைத்ததுதான். அந்த ஊரைப் பெருமையாகச் சொல்லவேண்டிய இடத்தில் பனிமலைப் படத்தையும் "இன்ன ஊரில் வடிவமைக்கப்பட்டது" என்ற வரியையும் வைத்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் படிப்பவர் எதை நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தே எழுதிய வரி அது.

"இன்ன நாட்டில் தயாரானது" என்ற லேபிளும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு மலையேற்றக் காலணி ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. தோல் ஓரிடத்தில் பதனிடப்படுகிறது. நீர் புகாத சவ்வு வேறு நிறுவனத்திடமிருந்து வருகிறது. வைப்ரம் போன்ற நிறுவனங்களின் ரப்பர் அடிப்பாகம் தனியே வார்க்கப்பட்டு வருகிறது. அப்பர் எனப்படும் மேற்பகுதி ஓர் ஆலையில் வெட்டித் தைக்கப்பட்டு, சில சமயம் எல்லை தாண்டிப் போய், கால் வடிவ அச்சின்மீது இழுத்து மாட்டப்பட்டு, அடிப்பாகத்தோடு ஒட்டப்படுகிறது. இத்தனை ஊர்களில் எந்த ஊரை லேபிளில் போடுவது? அமெரிக்காவில் 1982இல் யூனிராயல் வழக்கில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. இந்தோனேசியாவில் தைத்து முடித்த தோல் மேற்பகுதிகளை இறக்குமதி செய்து, அமெரிக்காவில் அடிப்பாகம் மட்டும் பொருத்தினால் அது அமெரிக்கப் பொருளாகிவிடுமா என்பதே அங்கே எழுந்த வினா. ஆகாது; காலணியின் சாரமே மேற்பகுதிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நாட்டுப் பொருள் என்று பார்த்துச் சுங்க வரியில் சலுகை தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் வேறு இடத்தில் கோடு கிழிக்கின்றன. உள்ளடியோடு சேர்த்துப் பொருத்திய மேற்பகுதியை, பெயர் போடப்படும் நாட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்கின்றன அவை. தைத்த மேற்பகுதியை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து, அச்சில் மாட்டுவதையும் அடிப்பாகம் பொருத்துவதையும் உள்ளே செய்தால் அந்த விதி தடுப்பதில்லை. ஆக, மிக அதிகக் கைவேலை பிடிக்கும் தையல் ஒரு நாட்டிலும், பெயர் இன்னொரு நாட்டிலும் இருக்க வழியுண்டு.

சட்டங்களை நம்பி இருக்கவும் முடியவில்லை. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். அதனால்தான் நாக்கின் உட்புறத்தில் அந்த எறும்பு எழுத்தாவது இருக்கிறது. ஐரோப்பாவில் 1994இல் வந்த காலணி லேபிள் நெறிமுறை, மேற்பகுதி, உள்துணி, வெளியடி மூன்றும் என்ன பொருளால் ஆனவை என்று குறியீடுகளால் காட்டச் சொல்கிறது. எங்கே செய்தது என்று கேட்பதே இல்லை. தோலா துணியா என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு, ஊர் பெயர் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்பது எனக்கு விந்தையாகப் படுகிறது.

நாட்டின் பெயரைவிட ஆலையின் பெயர் முக்கியம் என்றும் சொல்வேன். தைவானின் போ சென் குழுமத்தைச் சேர்ந்த யூ யுவான் நிறுவனத்தின் பெயரை அது செய்த காலணியைப் போட்டு நடப்பவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? உலகின் மிகப் பெரிய ஒப்பந்தக் காலணித் தயாரிப்பாளர் அதுதான். 2014 ஏப்ரலில் சீனாவின் டொங்குவான் நகரில் அதன் ஆலைத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். தங்களுக்குச் சேரவேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகையை நிர்வாகம் முறையாகச் செலுத்தவில்லை என்பது அவர்களின் முறையீடு. அந்தச் செய்தியைப் படித்த ஒருவர், தன் காலில் இருப்பது அந்த ஆலையில் தைத்ததா என்று அறிய விரும்பினால், நாக்கின் லேபிளில் உள்ள "சீனா" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

சில நிறுவனங்கள் ஆலைப் பட்டியலை வெளியிடுகின்றன என்பதை மறக்கவில்லை. 2005இல் நைக்கி தன் பட்டியலை வெளியிட்டபோது, போட்டியாளர்கள் ஆலைகளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பழைய அச்சம் பொய்த்துவிட்டது. ஆயினும் அந்தப் பட்டியல்களை வைத்து என் கேள்விக்கு விடை காண முடியாது. பக்கம் பக்கமாக ஆலைப் பெயர்களும் முகவரிகளும் இருக்கும். நான் வாங்கிய மாடல் அவற்றில் எங்கே பிறந்தது என்று இருக்காது. ஊரிலுள்ள எல்லாருடைய முகவரியையும் கொடுத்துவிட்டு, தேடி வந்தவரின் வீடு எது என்று மட்டும் சொல்லாமல் விடுவது போன்றது அது.

ஆர்டருக்கும் சுங்க வரிக்கும் ஏற்ப ஆலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் எழுதி மாளாது என்று தாங்கள் சொல்லக்கூடும். மாறுவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஏற்கெனவே ஒரு லேபிள் தைக்கிறீர்கள். பல லேபிள்களில் ஆலையைக் குறிக்கும் எழுத்துகளும் தயாரிப்புக் காலமும் குறியீடாக இருக்கின்றன. தகவல் காலணியோடுதான் வருகிறது. அதைப் படிக்கும் திறவுகோலைத்தான் தாங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். ரகசியம் என்றால், யாரிடமிருந்து ரகசியம்? ஒரே ஆலை பல போட்டி நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? தெரியாமல் இருப்பது காசு கொடுத்து வாங்குபவருக்கு மட்டுமே.

தயாரிப்புக் காலத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல மலைக்காலணிகளின் நடுவடி, அதாவது உள்ளடிக்கும் வெளியடிக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் பகுதி, பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. ஈரப்பதத்தால் அந்தப் பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது. போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிதைகிறது. பார்வைக்குப் புதிதாக இருக்கும் காலணி, நடைபாதையில் காய்ந்த ரொட்டிபோல உதிர்வதைக் கண்டவர்கள் உண்டு. மருந்துக்கும் பாலுக்கும் தேதி போடும்போது, ஒருவர் செங்குத்துச் சரிவில் தன் எடையை நம்பி வைக்கும் பொருளுக்குத் தேதியைக் குறியீட்டில் மறைப்பது ஏன்?

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாடலின் விற்பனைப் பக்கத்திலும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டும் சீட்டிலும், மேற்பகுதி தைத்த ஆலையையும் அச்சில் மாட்டி அடிப்பாகம் பொருத்திய ஆலையையும் ஊர் பெயரோடு, கண்ணாடி போடாமல் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள். தோல் பதனிட்ட நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறியீடாக இல்லாமல் எழுதுங்கள். ஒரே மாடலுக்கு ஆலையோ அச்சோ மாறினால், பழைய பெயரிலேயே சத்தமில்லாமல் விற்காமல், மாறியது என்று ஒரு வரி போடுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருளின் விவரங்களை மின்னணு வடிவில் தரும் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவர வழி செய்திருக்கிறது. அது காலணிக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் தங்களில் எவருக்கும் இல்லை.

என் மேசைமீதுள்ள இரண்டு ஜோடிகளின் லேபிள் எண்களையும், உரிய நிறுவனத்துக்கு இம்மடலின் நகலோடு தனியே அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே அச்சில் மாட்டிச் செய்தவைதானா என்று கேட்டிருக்கிறேன். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒரு சொல் போதும்.

இப்படிக்கு,
தங்கள் காலணிகளில் நெடுந்தூரம் நடந்த ஒரு வாடிக்கையாளர்