கத்தாரில், தொழிலாளர்கள் தங்கும் சனையாவில் இருந்த மச்சானுக்கு

மச்சான்,

நீ விசா கேன்சலாகி ஊருக்குப் போய் நாளையோடு ஒரு வருஷம். நானும் இந்த முறை கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடவில்லை. கனடாவில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வந்துவிட்டது. போனில் சொன்னால் "ஓ, சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். கொடுக்கல் வாங்கல் எதுவும் இங்கே வராது.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். செக்யூரிட்டி உன்னைத் தடுத்தபோது நான் ஒரு வார்த்தை பேசாமல் மாலுக்குள் போய்விட்டேன் என்று ஊரில் நீ சொல்லிவைத்திருப்பதாக அக்கா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை என்றால் அப்போது அந்த மாலில் குடும்பமாக வருகிறவர்களைத்தான் விடுவார்கள். நீ தேய்த்த சட்டை போட்டிருந்தாய், பையில் பேனாகூட இருந்தது. செருப்பில் மட்டும் காய்ந்த சிமெண்ட். நேபாளத்து செக்யூரிட்டி எங்களை உள்ளே விட்டுவிட்டு உன் முன்னால் கையை நீட்டினான். "எங்ககூட வந்தவர்" என்று சொன்னேன். சொன்னேன் மச்சான், உன் கதையில் அது இல்லை. அவன் பத்தாக்காவை, அதான் இங்கத்து அடையாள அட்டையை, கேட்டான். நீ எடுக்கவில்லை. "புள்ளைய வெயில்ல வச்சிக்கிட்டு நிக்காதீங்க, போயிட்டு வாங்க" என்றாய். போனோம். திரும்பி வந்தால், பார்க்கிங் தூண் நிழலில் குந்திக்கொண்டு அதே செக்யூரிட்டியோடு இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய். எனக்குச் சுருக்கென்றது. மன்னித்துக்கொள். ஆனால் போகச் சொன்னது நீதானே?

ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தும் இங்கே நீ பேச்சுலர். கத்தாரில் இருக்கும் சுமார் 30 லட்சம் பேரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் குடிமக்கள். கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அப்படிப்பட்ட நாட்டில், குடும்பங்கள் வசிக்கும் பகுதியில் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடாது என்று 2010-இல் சட்டமே போட்டார்கள்.

நம்மைப் பிரித்தது இந்த ஊர் மட்டுமில்லை. மாமா போனதும் நீ ஒன்பதாவதோடு நின்றாய், உன் பாஸ்போர்ட்டில், கத்தார் மாதிரி நாட்டுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்கிற இ.சி.ஆர். முத்திரை விழுந்தது. என்னுடையதில் இல்லை. 2018 ஜனவரியில் இ.சி.ஆர். காரர்களுக்கு ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் தரப்போவதாக டெல்லியில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் கைவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டுமாம்!

2022 நவம்பர் 15-இல் உலக மக்கள்தொகை 800 கோடி என்றது ஐ.நா. ஐந்து நாளில் இங்கே கால்பந்து உலகக் கோப்பை. நீ சாரம் கட்டிய ஸ்டேடியத்தை நான் வீட்டு ஏ.சி.யில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். உலகச் சொத்தில் முக்கால் பங்கு மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம், கீழ்ப்பாதிக்கு வெறும் இரண்டு சதவீதம். நான் எந்தப் பக்கம் என்பதில் உனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் என் பக்கத்து சீட்டு இங்கிலாந்துக்காரன் இதே வேலைக்கு என்னைவிட எவ்வளவு அதிகம் வாங்குகிறான் என்று ஒருநாளாவது கேட்டாயா? நீ மட்டும் யோக்கியமா? 2021 மார்ச்சில் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம், 1000 ரியால் என்று வந்தபோது, "பெங்காலிக்கும் எனக்கும் ஒண்ணா?" என்று பொருமியது யார்?

சரி, விடு. வயது, படிப்பு, ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுத்தான் கனடாக்காரன் என்னை எடுத்தான். மாமா இருந்திருந்தால் அந்த மார்க் உனக்கும் வந்திருக்கும். கணக்கில் நீதான் கெட்டி.

சின்னவன் ஒன்பதாவதோடு நிற்கிறேன் என்கிறானாம். பத்தாவதை முடிக்க வை, பாஸ் பண்ணிவிட்டால் அந்த முத்திரை விழாது. ஃபீஸ் விஷயம் தனியாகப் பேசுவோம். புத்தி சொல்ல நீ யார் என்று கேட்பாய். கேள், அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கேள்.