பிளக் இல்லாத தொடர்மாடியில் பிளக்-இன் ஹைபிரிட்டா?

ஆசிரியருக்கு,

உங்கள் வாகனப் பகுதியில் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் (பிளக்கில் மாட்டி பற்றரியைச் சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும், இல்லாவிட்டால் பெற்றோலிலும் ஓடுபவை) பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். குடும்பத்துக்கு ஒன்று எடுக்கும் யோசனை இருப்பதால் ஊன்றியே வாசித்தேன். விலை, வரி, லீசிங் எல்லாம் இருந்தன. ஆனால் வெள்ளவத்தைக்காரருக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, சார்ஜ் ஏற்ற இடம் எங்கே என்பதுதான்.

எங்கள் வீடு நான்காம் மாடியில், காரோ கீழ்த்தளத்தில். அங்கே இருக்கும் ஒரே பிளக் பொது மீற்றரில் ஓடுகிறது. அதில் நான் காரை மாட்டினால் அடுத்த கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது தொடர்மாடிவாசிகளுக்குத் தெரியும்.

சார்ஜ் ஏற்றாவிட்டாலும் பெற்றோலில் ஓடும்தானே என்கிறார்கள் விற்பவர்கள். ஓடும், பெரிய பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு. அதற்கு பிளக்கே தேவைப்படாத சாதாரண ஹைபிரிட், ஒரு அக்குவாவோ அக்சியோவோ போதுமே! ஐரோப்பிய ஆணைக்குழுவின் 2024 அறிக்கைப்படி, வீதியில் பிளக்-இன் கார்கள் வெளியிடும் கார்பன், ஆய்வுகூடக் கணக்கைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் ஏற்றாததே முக்கிய காரணம்.

சொந்த வளவுள்ளவர்களுக்கு இது நல்ல கார்தான். பள்ளிக்கூடம், அலுவலகம், காலி வீதி நெரிசல் எல்லாம் மின்சாரத்திலேயே முடிந்துவிடும். யாழ்ப்பாணம் போக 400 கிலோமீற்றர் அளவு. பற்றரி தீர்ந்தாலும் பெற்றோலில் ஓடும், வழியில் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். ஆனால் மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டும். காருக்கு நாளுக்கு 8 அலகு மின்சாரம் என்றாலும் மாதம் 240. 180ஐத் தாண்டும் ஒவ்வொரு அலகுக்கும் உச்ச விலை. நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாற முடிந்தால், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவாக ஏற்றலாம்.

2022இல் பெற்றோல் கியூவில் காய்ந்தவர்கள் இரண்டு வழியும் இருக்கட்டும் என்று நினைப்பது நியாயம்தான். அதே ஆண்டு மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமலும் இருந்தோம், அதையும் மறக்கக்கூடாது.

புதிய தொடர்மாடிகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே, ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் அந்தந்த வீட்டு மீற்றரிலிருந்து வயர் இழுக்க வழி வைக்கச் சொன்னால் என்ன? கட்டி முடித்தபின் செய்வதென்றால் செலவும் கூட, சண்டையும் கூட. எங்கள் முகாமைத்துவக் குழுவிடம் என் செலவிலேயே தனி மீற்றர் போட அனுமதி கேட்டிருக்கிறேன். தந்தால் பிளக்-இன் வாங்குவேன். இல்லாவிட்டால் சாதாரண ஹைபிரிட்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.