ஃபெஸ் நகரத்துல முட்டுக் குடுக்குறாங்க, நாம இடிக்குறோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வீட்டுக்காரரோட மொராக்கோ போய் ஃபெஸ் நகரத்தப் பாத்துட்டு வந்ததுல இருந்து நம்ம செட்டிநாட்டுப் பழைய வீடுகள நெனச்சா மனசே ஆற மாட்டேங்குது, அதான் எழுதுறேன்.

ஃபெஸ் 1,200 வருஷத்துக்கு மேல பழைய ஊரு. பழைய பகுதிக்குள்ள காரு, ஆட்டோ எதுவும் போகாது, சந்துங்க அவ்வளவு குறுகல், தோல் மூட்டையில இருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் கழுதைதான் சுமக்குது, பின்னால இருந்து "பாலாக்"னு சத்தம் வந்தா சுவரோட ஒட்டி நின்னுக்கணும். 859ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரிங்கற அம்மா கட்டுனதா சொல்ற கராவியீன் பள்ளிவாசல வாசல்ல நின்னுதான் பாத்தோம், மத்த மதத்துக்காரங்களுக்கு உள்ள அனுமதி இல்ல. 1350கள்ல கட்டுன பூ இனானியா மதரசாவுக்குள்ள போகலாம். கையால வெட்டிப் பதிச்ச ஸெல்லீஜ் ஓடு, அதுக்கு மேல சுதை வேலை, அதுக்கும் மேல மரச் செதுக்கு, கண்ண எடுக்கவே முடியல.

வீடுங்க வெளிய வெறும் சுவருதான், உள்ள போனா நடுவுல வானம் பாத்த முற்றம், சுத்தி அறைங்க, அப்படியே நம்ம வீட்டு முற்றம், அதான் வளவு. நமக்கு முகப்புலயே பெருமை, அவங்களுக்கு எல்லாம் உள்ளுக்குள்ள. வியாபாரிங்க தங்குன பழைய சத்திரம் ஒண்ணு, நெஜ்ஜாரின்னு பேரு, அத மர வேலை மியூசியமா மாத்தி வச்சிருக்காங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், சாயப்போற சுவருங்களும் நெறைய, ஆனா சந்துக்கு சந்து மரத்த முட்டுக் குடுத்து நிறுத்திருக்காங்க. 1981லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்த ஊரு, பழுது பாக்கவே தனி அமைப்பு இருக்கு.

இங்க என்ன நடக்குது? ஒரு வீட்டுக்கு பங்காளிங்க இருபது முப்பது புள்ளி, அதாவது குடும்பம், ஆளுக்கொரு தேசத்துல, ஓடு ஒழுகுனா யாரு செலவு பண்றதுன்னு முடிவாகறதுக்குள்ள உத்தரம் இத்துப் போயிருது, கடைசில பர்மா தேக்குத் தூணும் நெலைக்கதவும் பழைய சாமான் கடைக்குப் போயிருது. நம்ம செட்டிநாட்டு ஊருங்க 2014லயே யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறுனதுதான், அப்புறம் நாம என்ன செஞ்சோம்?

அரசாங்கம் இதுக்குன்னு காரைக்குடியிலயே ஒரு ஆபீஸ் போடணும். இடிக்கறதுக்கு முன்னாடி அங்க தெரிவிச்சே ஆகணும்னு சட்டம் வேணும், பழுது பாக்கறவங்களுக்கு மானியம் வேணும், ஆத்தங்குடித் தரைக்கல்லு போடுறவங்களுக்கும் சுண்ணாம்புப் பூச்சு தெரிஞ்ச கொத்தனாருங்களுக்கும் அதுல வேலை கெடைக்கணும். பங்காளிங்களும் முன்னோருக்குக் கும்பிடுற வருஷப் படைப்புக்கு ஒண்ணு கூடுறப்ப இத ஒரு மணி நேரம் பேசி, மராமத்துக்குன்னு பொதுக் கணக்கு ஒண்ணு ஆரம்பிங்க. உங்க பேப்பர்லயும் ஊர் ஊரா வந்து எழுதுங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி