சத்தம் மாறியிருக்கு என்று சொன்னவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கொரோனாவால் பூட்டிக்கிடந்த எங்கள் பொழுதுபோக்குப் பூங்கா திறந்துவிட்டது. இந்த முறை திறந்தபடியே இருக்கிறது. போன முறை திறந்து, மூச்சு விடுவதற்குள் மறுபடி பூட்டியதால், இதை எழுதலாமா என்று கொஞ்ச நாள் தயங்கினேன். இனியும் தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

நான் ரோலர் கோஸ்டர் பராமரிப்பில் இருப்பவன். வாசலில் டிக்கெட் பார்ப்பவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாதுகாப்புத் தண்டை அழுத்திப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பையனைத் தெரிந்திருக்கும். எங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே வந்து, வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறவர்கள் நாங்கள்.

நடந்ததையெல்லாம் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் தேதிகளாகத்தான் நினைவிருக்கிறது. 2020 ஜனவரி 25 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்ட் மூடியபோது அதை வேறு யாருக்கோ நேர்ந்த செய்தியாகத்தான் படித்தோம். பிப்ரவரி 29 அன்று டோக்கியோ மூடியது. மார்ச் 14 அன்று கலிபோர்னியா மூடியது. அப்புறம் நாங்கள். மே 11 அன்று ஷாங்காய் மறுபடி திறந்தபோது எங்கள் குழுவில் ஒருவர் விடாமல் அந்தப் படத்தைப் பகிர்ந்தார்கள். வழக்கமான கூட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது, எல்லோருக்கும் முகக்கவசம், தரையில் இடைவெளிக் கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். ஹாங்காங் ஜூன் 18 அன்று திறந்து ஜூலை 15 அன்று மறுபடி மூடியது. அதைப் படித்த அன்று குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார், போடவில்லை. பூங்காவின் பின்மதிலை ஒட்டிய அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருக்கிறார். பராமரிப்பு அறையில் அவருக்கு 'டெசிபல் ஐயா' என்று பெயர். டெசிபல் என்றால் சத்தத்தை அளக்கும் அலகு. ஐயா, இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது.

பல வருடங்களாக எங்களுக்கு அதிகமாகப் புகார் எழுதியவர் இவர்தான். புகார் என்றால் பொத்தாம்பொதுவாக இருக்காது. எந்த நேரம், எந்த வளைவு, அலறலா இயந்திரச் சத்தமா என்று பிரித்து, நோட்டில் குறித்துவைத்து, மாதக் கடைசியில் படியெடுத்து நிர்வாகத்துக்கு அனுப்புவார். நிர்வாகம் அதை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் படிப்போம், கோப்பில் வைப்போம். சவாரிக்கு வந்தவர்களை அலறாதே என்று யார் சொல்ல முடியும்?

பூட்டிக்கிடந்த நாட்களில் பூங்காவுக்குள் ஒரு சிலரைத்தான் வைத்திருந்தார்கள். எங்கள் பிரிவில் மிஞ்சியது நானும் இன்னொருவரும். சவாரிக்கு ஆளில்லாதபோது ரயிலை எதற்கு ஓட்ட வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓடுவதைவிட நிற்பதுதான் இந்த இயந்திரத்துக்குக் கெடுதல். ரயிலின் எடையைத் தாங்கிக்கொண்டு சக்கரம் ஒரே இடத்தில் நின்றால் அதன் மேல் சுற்றியிருக்கும் ரப்பர் மாதிரியான பாலியூரித்தேன் பட்டை அந்த இடத்தில் தட்டையாகிவிடும். தண்டவாளத்தில் மெல்லிய துரு படியும், ஓடினால் அதுவே தேய்ந்து போய்விடும். கிரீஸ் இறுகும். சென்சாரில் தூசி அடையும், சிலந்தி கூடு கட்டும். நீர்ச்சறுக்குப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு தலைவலி. தேங்கிய தண்ணீரில் கிருமி வளராமல் இருக்க, ஒருவரும் குளிக்காத குளத்துக்குப் பம்பு ஓட்டிக் குளோரின் அளந்துகொண்டிருந்தார்கள்.

அதனால் வெள்ளோட்டம் விட்டோம். ரயிலைக் காலியாக ஓட்டினால் கனம் போதாது, வேகம் குறைந்து மேட்டில் ஏறி முடிக்காமல் பள்ளத்தில் நின்றுவிடலாம். தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கைகளில் உட்காரவைத்துத்தான் அனுப்புவோம். முகமில்லாத பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து, தலைகுப்புற விழுந்து, ஒரு சத்தமும் போடாமல் திரும்பி வரும். முதல் தடவை பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

முழு ஆள் இருந்த காலத்தில் வெள்ளோட்டத்தின்போது ஒருவர் பாதையின் கடைக்கோடி வளைவில் போய் நிற்பார். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அங்கே வேலை. இருவர் மட்டும் இருந்தபோது ஒருவர் கட்டுப்பாட்டுப் பலகையில், மற்றவர் மேடையில். கடைக்கோடியில் நிற்க ஆளில்லை.

ஒருநாள் காலை பராமரிப்பு அறைத் தொலைபேசி அடித்தது. வரவேற்பில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் வெளி அழைப்பெல்லாம் எங்களுக்குத்தான் திருப்பிவிடப்பட்டிருந்தது. குரல் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஊரே அடங்கிக்கிடக்கிறது, பொம்மைகள் போகிற சத்தம்கூடவா இவருக்குப் பொறுக்கவில்லை என்று.

"புகார் சொல்லக் கூப்பிடலை தம்பி," என்றார். "உங்க வண்டியோட சத்தம் மாறியிருக்கு."

"எந்த இடத்துல ஐயா?"

"பெரிய இறக்கம் முடிஞ்சு எங்க கட்டடத்துப் பக்கம் திரும்பும்ல, அங்க. எப்பவும் ஒரே இழுப்பா உஸ்ஸுன்னு போகும். போன வாரத்துலேருந்து நடுவுல ஏதோ தட்டுது. மரப்பலகை மேல யாரோ விரலால தட்டுற மாதிரி. வண்டி வேகமா போனா தட்டலும் வேகமா இருக்கு. கடைசிப் பெட்டின்னு நினைக்கிறேன், ஏன்னா சத்தம் முடியுற நேரத்துலதான் வருது."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா தெரியாது. எங்களைத் தவிர அந்த ரயிலை இத்தனை வருடம் தினமும் உற்றுக் கேட்ட ஒரே ஆள் இவர். வெறுத்துக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே.

ரயிலைப் பணிமனைக்குள் இழுத்து, கடைசிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தோம். தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரங்களில் ஒன்றின் உட்பக்கம், பட்டை உலோகத்தை விட்டு ஓரத்தில் பிரிய ஆரம்பித்திருந்தது. நகத்தை விட்டால் நுழையும் அளவு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆபத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றினார் என்று எழுதினால் அது கதை. திறப்பதற்கு முன் எல்லாச் சக்கரங்களையும் கழற்றித்தான் பார்ப்போம், அப்போது அகப்பட்டிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. செய்கிறவர்கள் பாதி ஆளோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கப்பலும் விமானமும் நேரத்துக்கு வரவில்லை. கடைசி நேரத்தில் கண்டுபிடித்திருந்தால், பூங்கா திறந்த பிறகும் இந்த ரைடு மட்டும் சக்கரத்துக்காகக் காத்துக்கிடந்திருக்கும். ஒரு ரைடு திறக்கவில்லையென்றால் அதை இயக்குகிறவர்களுக்கு வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வராது. அந்த அழைப்புக்காக எத்தனை பேர் போனைக் கையிலேயே வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஐயா, நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் சக்கரம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது, அவர்களும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. சக்கரத்தை மாற்றிவிட்டுத் தகவல் சொல்லக் கூப்பிட்டபோது, "அடுத்த தடவை எப்ப ஓட்டுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்த நேரத்துக்குச் சரியாக மாடிக் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றார். ரயில் திரும்பி வந்து நின்றதும் போன் அடித்தது. "சரியா இருக்கு." வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளோட்டத்துக்கு முன்பும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். மழை பெய்தாலும் நின்றார். ஒருதடவை, "இன்னிக்கு எனக்கு மூக்கடைப்பு, காது சரியாக் கேக்கலை, என் பேச்சை நம்பாதீங்க" என்றார். எங்கள் தொழிலில் இருக்கிற பலருக்கு இந்தக் குணம் வர வேண்டும். எங்கள் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். உண்மைதான். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன், எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சீசன் பாஸுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் தேதியைத் தள்ளிவைத்துக்கொண்டவர்கள், சம்பளமில்லாத விடுப்பில் போனவர்களின் வீட்டுக்குச் சொல்லாமல் மளிகைப் பையை வைத்துவிட்டுப் போனவர்கள், திறந்த முதல் நாள் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே நாங்கள் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெயிலில் முகம் சுளிக்காமல் நின்றவர்கள், இரவில் தனியாகச் சுற்றிவந்த காவல்காரர்கள். உங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. நிறுத்தத்தின்போது வெளியேற்றப்பட்டு இன்னும் திரும்ப அழைக்கப்படாத தோழர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் டிஸ்னி 28,000 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தது உலகத்துக்கே செய்தியானது. சின்னப் பூங்காக்களில் போனவர்களின் கணக்கு எந்தச் செய்தியிலும் வரவில்லை. பணிமனைச் சுவரில் அவர்களுடைய கருவிகளைத் தொங்கவிட்டபடியே வைத்திருக்கிறோம். ஆள் எடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அவர்கள் பெயரைச் சொல்வேன், சொல்லிக்கொண்டே இருப்பேன். என்னால் முடிந்தது அதுதான்.

பூட்டியிருந்த காலத்தைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. பொழுதுபோக்கு என்றால் கடைசியில் திறக்க வேண்டியது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பூட்டிக்கிடந்த இடங்களும் சும்மா கிடக்கவில்லை. 2021 ஜனவரியில் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் வாகன நிறுத்துமிடத்தில் தடுப்பூசி போட்டார்கள். கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, கோபப்படுத்தாமல், நகர்த்திக்கொண்டே போவது எங்கள் தொழிலுக்குக் கைவந்த கலை. அது ராட்டினத்துக்கு மட்டும்தான் பயன்படும் என்று நினைத்திருந்தோம். அந்தப் பூங்கா ஓராண்டுக்கு மேல் பூட்டிக்கிடந்து 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. அங்கே எங்களைப் போல இரண்டு பேர் எத்தனை ரயில்களை ஆளில்லாமல் ஓட்டியிருப்பார்களோ!

நாங்கள் திறந்த அன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. ஜப்பானில் 2020ல் பூங்காக்களுக்கு வந்த வழிகாட்டுதலில், எச்சில் தெறிக்காமல் இருக்க ரோலர் கோஸ்டரில் சத்தம் போடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஃபூஜி-க்யூ பூங்கா அதிகாரிகள் இருவர் கோட்டும் முகக்கவசமுமாகத் தங்கள் பெரிய கோஸ்டரில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் விழுந்து எழுந்து, கடைசியில் மனதுக்குள் அலறுங்கள் என்று சொன்ன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் நிர்வாகமும் அதேபோல் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தது. வந்த கூட்டமும் கொஞ்சம், அவர்களும் சொன்னபடி கேட்டார்கள். முதல் ரயில் போய் அமைதியாகத் திரும்பி வந்தது. போன் அடித்தது.

"என்ன தம்பி, இன்னும் பொம்மைதானா? ஆளே வரலையா?"

"வந்திருக்காங்க ஐயா. கத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார்: "நான் கேட்டப்பவெல்லாம் இதைச் செய்யலையே!"

மேடையில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் எச்சில் வழிகாட்டுதல் காற்றில் பறந்திருக்கும். முகக்கவசம்தான் காப்பாற்றியது.

ஐயா, போன மாதக் கடைசியில் உங்கள் புகார்க் கடிதம் மறுபடி வந்தது. அலறல் திரும்பிவிட்டது என்றும், இரவு ஒலிபெருக்கி மாடிப்பக்கம் பார்த்திருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த முறை அது கோப்புக்குப் போகவில்லை. ஒலிபெருக்கியை மறுபக்கம் திருப்பிவிட்டோம். அலறலுக்கு எங்களிடம் இன்னும் மருந்தில்லை. உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்து வளைவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எந்த வருடம் எந்த இடத்தில் எந்தச் சத்தம் தொடங்கியது என்பதற்கு எங்களிடமே இவ்வளவு நல்ல பதிவு கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன்.

அடுத்த மாதம் ஏற்றத்துச் சங்கிலியை மாற்றுகிறோம். புதுச் சங்கிலி படியும்வரை கடகட சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் அப்படியே கேட்டால் கூப்பிடுங்கள். வரவேற்பில் இப்போது ஆள் வந்துவிட்டார்கள், அவர்களிடம் பராமரிப்பு அறை என்று சொன்னால் போதும், உடனே இணைப்பார்கள்.

நன்றியுடன்,
பராமரிப்பு அறையிலிருந்து